அடி இல்லாத கூடு

ஆட்டுக்குட்டிக் கூட்டுக்கு அடி கிடையாது. மேலே ஓலை, சுற்றிலும் ஓலை, உள்ளே வளைத்துக் கட்டிய விளார். கீழே வெறும் மண். இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி நாலடி தள்ளி வைத்தால் வீடு மாறியாயிற்று. அரியலூர், பெரம்பலூர்க் காடுகளில் அறுவடை முடிந்த கையோடு, எருவுக்காக ஆடுகளை இரவில் அடைத்துவைக்கிற ஆட்டுக்கிடை இறங்கும்போது முதலில் இறங்குவது ஆடு அல்ல, இந்தக் கூடுதான். தெற்கத்தி ஆட்கள் குடாப்பு என்பார்கள். கோழிப் பஞ்சாரத்தை ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பெருக்கினது போல இருக்கும். பக்கவாட்டில் தாழ்வாக ஒரு வாய், அதை அடைக்கச் சின்னதாக ஒரு படல்.

இந்தக் கூடு ஒரு நாளும் நினைவுச்சின்னம் ஆகப் போவதில்லை. ஆனால் ஸ்பெயினின் வடக்கே இருக்கிற பாஸ்க் மலைகளில், அராலார், அய்ஸ்கோரி, கொர்பேயா என்ற உச்சிகளின் மேய்ச்சல் தரைகளில், இடையர்கள் கட்டிய கல் குடில்கள் இன்றும் நிற்கின்றன. வெயில் காலம் தொடங்கும்போது லாட்சா என்ற செம்மறி இனத்தை மேலே ஓட்டிப் போய், குளிர் வரும் வரைக்கும் அங்கேயே தங்கிப் பால் கறந்து இடியாசாபல் என்ற பாலாடைக்கட்டியைச் செய்தார்கள். 1987 முதல் அந்தப் பெயருக்குச் சட்டக் காவலும் இருக்கிறது. மலையேறுகிறவர்கள் அந்தக் குடில்களின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நம் ஊர் இடையருக்கு ஏன் அப்படி ஒன்று மிஞ்சவில்லை என்று கேட்டால், வறுமை என்று சட்டென்று பதில் வந்துவிடும். எனக்கு அது போதவில்லை. பாலாடைக்கட்டி ஒரே இடத்தில் இருந்து முதிர வேண்டிய பண்டம்; அதற்குச் சுவர் வேண்டும், கூரை வேண்டும், குளிர்ந்த மூலை வேண்டும். நம் கிடைக்காரர் விற்கிற பண்டம் எரு. அது ஒரே இடத்தில் கிடந்தால் காசாகாது. காடு முழுக்க விழ வேண்டும். எருவை விற்கிறவன் கல்லால் வீடு கட்டினால் தொழில் கெட்டது. அதே பாஸ்க் ஆட்கள் 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவுக்குப் போய், நெவாடா, ஐடஹோ வெட்டவெளிகளில் கறிக்கும் கம்பளிக்கும் மந்தை ஓட்டியபோது கல் குடிலை மறந்துவிட்டார்கள். கூடாரத்திலும் சக்கரம் வைத்த வண்டியிலும் காலம் தள்ளினார்கள். இடையன் வீட்டின் வடிவத்தை அவன் விற்கிற சரக்குதான் முடிவு செய்கிறது.

கூட்டின் பிறப்பு பனைமரத்தடியில். குருத்தோலை பாய்க்கும் பெட்டிக்கும் போகும். கூட்டுக்கு அது வீண். முற்றிய சாரோலைதான் மழையைத் தாங்கும். ஓலையைப் பரப்பி, மேலே பாரம் ஏற்றி இரண்டு நாள் தட்டையாக்குவார்கள். விளாருக்குப் புளி நல்லது. பச்சையாக வெட்டி, ஈரம் காய்வதற்குள் வளைத்துக் கட்டிவிட வேண்டும், காய்ந்தபின் வளைத்தால் முறியும். மூங்கில் கிடைக்கிற இடத்தில் பிளாச்சு. கட்டுவதற்கு மட்டையிலிருந்து உரித்த நார், தண்ணீரில் ஊறப்போட்டது. நார் காயக் காய முடிச்சு இறுகும். கம்பியால் கட்டினால் சீக்கிரம் முடியுமே என்று கேட்கலாம். கம்பியின் முனை ஒரு நாள் நீட்டிக்கொண்டு நிற்கும். குட்டியின் கண் அங்கேதான் போகும்.

எதற்காக இந்தக் கூடு? பிறந்து சில நாளே ஆன குட்டிக்குத் தாயோடு காடு முழுக்க நடக்கத் தெம்பு இருக்காது. நடந்தாலும் நிழல் கண்ட இடத்தில் படுத்துக்கொள்ளும், மந்தை போய்விடும், நாயோ நரியோ பார்த்துக்கொள்ளும். அதனால் விடிந்ததும் பால் குடிக்கவிட்டு, குட்டிகளைப் பிடித்துக் கூட்டுக்குள் விட்டு, படலைச் சாத்திவிட்டுப் பெரிய ஆடுகளை மேய்ச்சலுக்கு ஓட்டுவார்கள். காவலுக்கு வீட்டுப் பெண்களில் ஒருவர் இருப்பார். சற்று வளர்ந்த குட்டிகளுக்கு உள்ளே ஒரு கொப்பைக் கட்டித் தொங்கவிடுவது வழக்கம்: வேலங்கொப்பு, பூவரசு, அகத்தி, எது கிடைக்கிறதோ அது. முதலில் முகர்ந்து பார்க்கும். பிறகு ஒரு இலையை வாயில் போட்டுக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும். இப்படித்தான் பால்குடி மறந்து மேயக் கற்றுக்கொள்கிறது.

சாயங்காலம் மந்தை திரும்புகிற நேரம்தான் பார்க்க வேண்டிய நேரம். ஆடுகள் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே கூட்டுக்குள் சத்தம் தொடங்கிவிடும். வெளியிலிருந்து தாய்கள் பதில் கொடுக்கும். படலைத் திறந்ததும் கறுப்பும் பழுப்புமாகக் குட்டிகள் கொட்டும். ஐந்து நிமிஷத்துக்கு ஒரே களேபரம். ஒவ்வொரு தாயும் வருகிற குட்டியின் வாலடியை முகர்ந்து பார்க்கும். தன்னுடையது என்றால் நிற்கும், இல்லையென்றால் முட்டித் தள்ளும். பசியில் நாலு தாயிடம் முட்டு வாங்கி ஐந்தாவதாகச் சொந்தத் தாயைக் கண்டுபிடிக்கிற குட்டி உண்டு. தன் குட்டியையே ஏற்காத தாயும் உண்டு. முதல் ஈற்று ஆட்டுக்கு இந்த வம்பு அதிகம். அதைப் பிடித்து, கழுத்தைத் தொடை இடுக்கில் நிறுத்தி, “நில்லு தாயி, நில்லு” என்று பேசிக்கொண்டே குட்டியை மடியில் ஊட்டுவார்கள். சில நாள் இப்படிச் செய்தால் வழிக்கு வரும்.

இரவு கிடை. படல்களை வட்டமாகவோ சதுரமாகவோ நட்டு உள்ளே ஆடுகளை அடைப்பார்கள். மறுநாள் படலைப் பிடுங்கி அடுத்த துண்டு நிலத்தில் நடுவார்கள். கூடும் கூடவே போகும். ஒரு காடு முழுக்க இப்படிக் கட்டம் கட்டமாக நகர்ந்தால் புழுக்கையும் மூத்திரமும் எல்லா இடத்திலும் சமமாக விழுந்திருக்கும். இதில் மூத்திரம் முக்கியம். கொட்டகையில் ஆடு வளர்த்துப் புழுக்கையைக் கூட்டி அள்ளிக் குழியில் போட்டால் மூத்திரத்தின் சத்து வீணாகிறது. கிடை போட்டால் நேராக மண்ணுக்குள் இறங்குகிறது. வேளாண் பல்கலைக்கழகக் கணக்குப்படி ஆட்டெருவில் தழைச்சத்து 3 சதவீதம், மணிச்சத்து 1, சாம்பல் சத்து 2. மாட்டுத் தொழுவுரத்தில் தழைச்சத்து அரை சதவீதத்தை ஒட்டித்தான். கிடை போன மறுநாள் காட்டை மேலாக ஒரு உழவு ஓட்டிவிட வேண்டும், வெயிலில் காயவிட்டால் பாதி சத்து காற்றோடு போய்விடும். ஆட்டெரு அந்த வருஷமே பேசும், மாட்டெரு மறு வருஷம் பேசும் என்று சம்சாரிகள் சொல்வது அனுபவக் கணக்கு.

கூட்டுக்கு அடி இல்லாததன் காரணம் இங்கே விளங்குகிறது. குட்டியின் எருவும் நிலத்துக்குத்தான். அதோடு, தினமும் புது மண்ணில் உட்கார்ந்தால் குட்டிக்கு ஈரம் இல்லை, சளி இல்லை, பூச்சி குறைவு. யாரோ ஒரு பாட்டனுக்கு இது தோன்றியிருக்கிறது. அவர் பெயரில் ஒரு தெருக்கூட இல்லை.

இடையர் வீடு நம் எழுத்தில் நுழைந்தது பழைய காலத்தில். பத்துப்பாட்டில் உள்ள பெரும்பாணாற்றுப்படை, தொண்டை நாட்டுக்குப் போகிற பாணனுக்கு வழி சொல்லும்போது ஆடு வளர்ப்பவரின் குடிசை ஒன்றைக் காட்டுகிறது. வாசலில் கழிகளைச் சேர்த்துக் கட்டிய கதவு, சிறு முளைகளில் நீளக் கயிற்றால் கட்டிய கிடாய்கள், தோலை விரித்துப் படுத்துக் காவல் காக்கிற ஆள், சுற்றிலும் முள்வேலி, எரு படிந்த முற்றம். முற்றத்து எருவைக்கூட விடாமல் பார்த்த புலவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். அதற்குப் பிறகு நம் இலக்கியம் இடையரைக் கண்ணனோடு சேர்த்தே அதிகம் பார்த்தது. கி. ராஜநாராயணன் ‘கிடை’ எழுதி, அதை அம்ஷன் குமார் ‘ஒருத்தி’ என்று படமாக்கி, சு. தமிழ்ச்செல்வி ‘கீதாரி’ எழுதியபிறகுதான் ஆட்டு வாடை மறுபடி எழுத்துக்குள் வந்தது.

ஆனால் கல்லில் ஆடு எப்போதும் இருந்தது. அரியலூர் மாவட்டம் சோழர் கோயில்களின் பூமி: கங்கைகொண்ட சோழபுரம் இங்கே, பழுவேட்டரையர்களின் மேலப்பழுவூரும் கீழப்பழுவூரும் இங்கே. சோழர் காலத்தில் கோயிலில் அணையாத நந்தா விளக்கு ஒன்று எரிய வேண்டும் என்று நேர்ந்துகொண்டவர் எண்ணெய் வாங்கிக் கொடுக்கவில்லை. ஆடு விட்டார். ஒரு விளக்குக்குப் பெரும்பாலும் 90 ஆடு. தஞ்சைப் பெரிய கோயிலில் 96. அதே விளக்குக்குப் பசு என்றால் 48, எருமை என்றால் 16 என்றும் அங்கே கணக்கு இருந்தது. ஆடுகளை ஏற்றுக்கொண்ட இடையன், அதாவது மன்றாடி, அன்றாடம் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டு வைத்த பெயர் சாவா மூவாப் பேராடு: சாகாது, கிழடாகாது. ஒன்று செத்தால் குட்டி அந்த இடத்துக்கு வரும், எண்ணிக்கை குறையவே கூடாது. குட்டி பெருகினால் மிச்சம் மன்றாடிக்கு. நோய் விழுந்து மந்தை பாதியானால் நஷ்டமும் அவனுக்கே. கோயில் தரப்பில் யோசித்த ஏற்பாடு, சந்தேகமில்லை.

உழக்கு நெய் என்று எழுதிவிடுவது சுலபம். செம்மறியின் மடியில் என்ன பால் இருக்கும் என்பது கிட்ட நின்று பார்த்தவருக்குத்தான் தெரியும். குட்டியைத் தாயிடமிருந்து பகல் முழுக்கப் பிரித்து வைக்காமல் இடையன் கைக்குச் செம்புப் பால் மிஞ்சியிருக்காது. பிரித்து வைக்க ஏதோ ஓர் அடைப்பு இருந்தே ஆக வேண்டும். விளக்கு கொடுத்தவர் பெயரும், அளந்த நாழியின் பெயரும், சாட்சிகளின் பெயரும் கல்லில் ஏறின. அடைப்பு ஏறவில்லை. ஓலையில் இருந்ததை யார் கல்லில் வெட்டுவார்கள்?

கூட்டின் ஒரு வருஷப் பயணத்தைச் சொல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் அது மேட்டுக்காட்டில்தான் இருக்கும். பெரம்பலூர்ப் பக்கம் கரிசல் நிலம் உண்டு. மழையில் நடந்தால் காலோடு ஒட்டிக்கொண்டு வரும், ஆட்டுக்குக் குளம்பு அழுகும். அதனால் சரளைத் தரை, பாறைச் சரிவு, தரிசு என்று தேடிப் போவார்கள். மேற்கே பச்சைமலை அடிவாரம் வரைக்கும் இதற்கு இடம் இருந்தது. புது மழையில் தளதளவென்று முளைக்கிற புல்லைப் பார்த்து நமக்கு ஆசையாக இருக்கும், கிடைக்காரருக்கு வயிற்றைக் கலக்கும். இளம்புல்லை வயிறு முட்டத் தின்ற ஆடு துள்ளித் துள்ளி விழுந்து செத்துப்போகும். துள்ளுமாரி நோய். மழைக்கு முன்னாலேயே தடுப்பூசி போடாதவர் அந்த மாதம் தூங்க மாட்டார். மழையோடு வருகிற நீலநாக்கு நோய் வேறு.

மார்கழி, தையில் மக்காச்சோளம் ஒடித்துப் பருத்தி எடுக்கிற காலம். தமிழ்நாட்டில் மக்காச்சோளத்துக்குப் பேர்போன மாவட்டம் பெரம்பலூர். ஒடித்த காட்டில் தாளும் தோகையும் கிடக்கும். கூடு அங்கே இறங்கும். பிறகு மெல்லக் கிழக்கேயும் தெற்கேயும் நகரும்: கடலைக் காடு, ஏரி உள்வாய், செந்துறை, ஆண்டிமடம் பக்கம் முந்திரித் தோப்பு. தோப்பில் பூ வைத்திருக்கும்போது உள்ளே விட மாட்டார்கள், விளிம்போடு போய்விட வேண்டும்.

மேட்டூர் அணையை ஜனவரி 28-ஆம் தேதி மூடுவதும் ஜூன் 12-ஆம் தேதி திறப்பதும் பழைய வழக்கம். இந்த இரண்டு தேதிக்கும் நடுவில்தான் டெல்டாக் கிடையின் பருவம் இருக்கிறது. சம்பாவும் தாளடியும் அறுத்த வயல், வெடித்த தரை, அறுப்புத் தாளின் அடியில் துளிர்க்கிற பச்சை. அரியலூர் மாவட்டத்திலேயே திருமானூர், தா. பழூர்ப் பக்கம் கொள்ளிடக் கரை நஞ்சை உண்டு. அதற்கும் தெற்கே போக வேண்டுமானால் கொள்ளிடத்தைக் கடக்க வேண்டும். மாசி, பங்குனியில் ஆறு மணலாகக் கிடக்கும். விடியற்காலையில் இறக்கி வெயில் ஏறுமுன் அக்கரை சேர்த்துவிடுவார்கள்; சுடுமணலில் குட்டியின் குளம்பு தாங்காது. மாட்டுவண்டி இருந்த காலத்தில் கூடு வண்டியில் கவிழ்ந்து கிடக்கும், மேலே சட்டிபானை, அதற்கு மேலே அன்றைக்குப் பிறந்த குட்டி. வண்டி இல்லாதவர்கள் தலையில் சுமந்தார்கள்.

அக்கரையில் எதிரே வருகிறவர்கள் ராமநாதபுரம், சிவகங்கைச் சீமையிலிருந்து புதுக்கோட்டை வழியாக நடந்து வந்த கீதாரிகள். ஒரு கீதாரியின் பொறுப்பில் பல குடும்பங்களின் ஆடு இருக்கும். வயல்காரரிடம் பேசுவது, கூலி முடிப்பது, திருட்டு வழக்கைத் தீர்ப்பது எல்லாம் அவர் வேலை. முன்பு கூலி நெல்லாக இருந்தது. ராத்திரிக்கு இவ்வளவு மரக்கால், கூடவே கிடைக் காவலுக்குச் சோறு. இப்போது நூறு ஆட்டுக்கு ராத்திரிக்கு இவ்வளவு என்று ரூபாய்க் கணக்கு.

கூட்டின் உள்ளே இருந்த குட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த இரண்டு மாவட்டத்துக்கும் சொந்தமான இனம் திருச்சி கறுப்பு. கருங்குறும்பை என்றும் பெயர். உடம்பு முழுக்கக் கறுப்பு, கிடாய்க்குக் கொம்பு உண்டு, பெட்டைக்கு இல்லை, குட்டைக் காது, முரட்டு மயிர். வளர்ந்த கிடாயே 25 கிலோவை ஒட்டித்தான் நிற்கும். பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி மாவட்டத்தின் தாலுகாக்களாக இருந்தபோது வைத்த பெயர் அது. பெரம்பலூர் 1995-இல் தனி மாவட்டமானது. அரியலூர் 2001-இல் பிரிந்து, 2002-இல் திரும்பச் சேர்க்கப்பட்டு, 2007 நவம்பர் 23-இல் மறுபடி பிரிந்தது. ஆடு மட்டும் திருச்சியிலேயே நின்றுவிட்டது. அதன் மயிரைக் கத்தரித்துக் கறுப்புக் கம்பளி நெய்தார்கள். உடம்பை உறுத்தும், மழையை ஓரளவு தாங்கும். தலைக்கு மேல் மடித்துக் கொங்காணி போட்டுக்கொண்டு மேய்ச்சலில் நிற்கிற ஆளுக்கு அதுதான் கூரை. குட்டிக்குத்தான் கூடு, மனுஷனுக்குக் கம்பளியும் ஒரு கயிற்றுக் கட்டிலும். இதில் யாருக்கும் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. குட்டி செத்தால் அடுத்த வருஷம் இல்லை.

ஆலைப் போர்வை மலிவாக வந்ததும் கம்பளி போனது. பிறகு படல் போனது. நைலான் வலை வந்தது. படலைச் சுமக்க வண்டி வேண்டும், வலையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொள்ளலாம். வெட்கப்பட ஒன்றும் இல்லாத மாற்றம் அது. கூட்டின் ஓலைக்கு மேல் தார்ப்பாய் ஏறியது, சில இடத்தில் ஓலையே இல்லாமல் தார்ப்பாய் மட்டும். இதில் எனக்குக் கொஞ்சம் பிணக்கு உண்டு. சித்திரை வெயிலில் தார்ப்பாய்க்குள் கையை விட்டுப் பார்த்தவர் ஓலையைத்தான் கேட்பார். ஆனால் பனையேறுகிற ஆள் குறைந்துபோன ஊரில் சாரோலைக்கு எங்கே போவது? நார் உரிக்கத் தெரிந்த பெரியவர்களும் குறைந்துவிட்டார்கள்.

மாட்டுவண்டி போய்க் குட்டியானை வந்தது. கிடை மாறுகிற அன்றைக்கு அந்தச் சின்ன லாரியில் கூடு, குட்டி, வலை, அடுப்பு எல்லாம் ஏறிவிடும். பெரிய ஆடுகள் மட்டும் நடக்கும். நடக்கிற சாலை பழைய சாலை இல்லை. அரியலூர் மண்ணுக்கடியில் கடல் இருந்த காலத்துச் சுண்ணாம்புக்கல் இருக்கிறது. அரசு சிமெண்ட் ஆலை 1979-இல் உற்பத்தியைத் தொடங்கியது, அதற்குப் பிறகு தனியார் ஆலைகள் வரிசையாக வந்தன. சுரங்கம் தோண்டிய இடம் பெரும்பாலும் மேட்டுத்தரை, மழைக்காலத்தில் கூடு ஒதுங்கிய தரை. கல் ஏற்றிய லாரி ஓடுகிற ரோட்டில் முன்னூறு ஆட்டை ஓரம் கட்டி ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். முன்னால் ஒருவர் சிவப்புத் துணியோடு, பின்னால் ஒருவர் கம்போடு.

காட்டுக்குள்ளும் நிலைமை மாறிவிட்டது. 2018-இல் படைப்புழு வந்து மக்காச்சோளத்தைத் தின்ற பிறகு மருந்தடிப்பு கூடியது. களைக்கொல்லி அதற்கு முன்பே வந்துவிட்டது. இன்று கிடைக்காரர் காட்டுக்காரரிடம் கேட்கிற முதல் கேள்வி கூலி பற்றியது இல்லை. “அண்ணே, கடைசியா மருந்து என்னிக்கு அடிச்சீங்க?” பதிலில் திருப்தி இல்லையென்றால் மந்தையை வேறு பக்கம் திருப்பிவிடுவார்.

கிடை ஒழிந்துவிட்டது என்று எழுதுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அரியலூர்ப் பக்கம் பங்குனியில் வந்து பார்த்தவர் அப்படி எழுத மாட்டார். யூரியாவும் டி.ஏ.பி.யும் வந்தபோது கிடையை வேண்டாம் என்றவர்களின் பிள்ளைகள், மூட்டைக்கு வரிசையில் நின்று சலித்து, மண் இறுகிப்போனதைப் பார்த்து, மறுபடி கிடை கேட்கிறார்கள். இயற்கை விவசாயம் என்று கிளம்பியவர்களும் கேட்கிறார்கள். பஞ்சம் இப்போது கிடைக்கு இல்லை, கிடை போடுகிற ஆளுக்கு. பிள்ளைகள் காலேஜ் முடித்துத் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விட்டார்கள். ஐம்பது வயதுக்காரர்தான் மந்தையில் இளையவர். அதனால் பேரம் திரும்பிவிட்டது. முன்பு வயல் வாசலில் கிடைக்காரர் காத்திருந்தார். இப்போது செல்போனில் கூப்பிடுகிறவர் நிலத்துக்காரர்.

“மாமா, நம்ம காட்டுக்கு எப்ப வர்றீங்க?”

“போர் தண்ணி ஓடுதா?”

“ஓடுது.”

“மரம் இருக்கா? குட்டிக்கூடு வைக்க நிழல் வேணும். போன வருஷம் இல்லன்னுட்டீங்க.”

“ஒரு வேம்பு இருக்கு மாமா, கிணத்து மேட்டுல.”

“அது காலையில நிழல். மத்தியானம் எங்க வைக்கிறது? பக்கத்துக் காட்டுல புளியமரம் இருக்குல்ல, அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டு வையுங்க. அமாவாசை கழிச்சு வந்துடறோம்.”